மொண்ணை மூக்குக் கப்பலுக்குப் பலகை போர்த்திய கதை

மரத்தில் கப்பல் மாடல் செய்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் வரும் பதில் ஒன்றுதான்: “அதுக்கெல்லாம் ரொம்பப் பொறுமை வேணுமே!” பொறுமையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். கையில் மரமும் கத்தியும் இருந்தால் நேரம் போவது தெரியாது, பொறுமை தானாக வந்துவிடும். இந்த வேலையில் ஆளைப் படுத்தி எடுப்பது வரிசை. எதற்கு முன்னால் எதைச் செய்வது என்பது. பாய்மரத்தை நிறுத்தி ஒட்டியபின் அதன் உச்சியில் இன்னும் ஒரு கப்பி கட்ட வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால், பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். எல்லாக் கயிறுகளுக்கும் நடுவே இரண்டு இடுக்கிகளை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட வேண்டியிருக்கும். அதனால் எண்டவர் கப்பலைக் கட்டிய அனுபவத்தை எழுதும்போது, எல்லாப் படிகளையும் ஒப்பிக்காமல், வரிசை கழுத்தைப் பிடிக்கும் இடங்களில் மட்டும் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

எண்டவரைத் தேர்ந்தெடுத்தது அழகுக்காக இல்லை. 1764-ல் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் ‘ஏர்ல் ஆஃப் பெம்ப்ரோக்’ என்ற பெயரில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல் அது. தட்டையான அடி, பெட்டி மாதிரி உடம்பு, மொண்ணையான மூக்கு. 1768-ல் பிரிட்டிஷ் கடற்படை அதை வாங்கி, பெயரை மாற்றி, ஜேம்ஸ் குக்கிடம் கொடுத்தது. 1769 ஜூன் 3 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து போவதைத் தாஹிட்டித் தீவிலிருந்து கவனிப்பதுதான் வெளியில் சொன்ன நோக்கம். அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையில் மோதி நின்றபோது, எடையைக் குறைக்க ஆறு பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். அவை 1969-ல் மீண்டும் கிடைத்தன. நிலக்கரிக் கப்பலின் அந்தத் தட்டை அடி இருந்ததால்தான் ஆற்று முகத்துவாரத்தில் கரையேற்றிச் சாய்த்துப் பழுது பார்க்க முடிந்தது.

மாடல் செய்கிறவருக்கு இந்தக் கப்பலில் வேறு சில வசதிகள் உண்டு. கடற்படை வாங்கியபோது வரைந்த வரைபடங்கள் லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. விக்டரி போன்ற போர்க்கப்பல் என்றால் நூறு பீரங்கிக்கு மேல் செய்ய வேண்டும், இதில் சக்கரம் வைத்த வண்டிப் பீரங்கிகள் பத்துதான். மரச்சிற்ப வேலையும் கொஞ்சம்தான். அடிப்பகுதியில் செம்புத் தகடு கிடையாது. கடற்படை 1761-ல் அலார்ம் என்ற கப்பலில் செம்புத் தகட்டைச் சோதித்துப் பார்த்திருந்தது உண்மைதான். ஆனால் எண்டவருக்கு, கப்பல் புழு துளைக்காமல் இருக்க, வெளியே இன்னொரு அடுக்குப் பலகை போர்த்தி அகன்ற தலை ஆணிகளை நெருக்கமாக அடித்தார்கள். ஆயிரக்கணக்கான குட்டிச் செம்புத் தகடுகளை ஒவ்வொன்றாக ஒட்டும் வேலை மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை எல்லாம் மூக்கு திருப்பி வாங்கிக்கொண்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அளவு. என் மாடல் 1:64. அதாவது நிஜக் கப்பலின் ஓர் அடி, மாடலில் பதினாறில் மூன்று பங்கு அங்குலம். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு 1:48, 1:64, 1:96 என்ற அளவுகள் அதிகம் புழங்குவதற்குக் காரணம் இந்த அடி–அங்குலக் கணக்குதான். 1:48 என்றால் அடிக்குக் கால் அங்குலம், 1:96 என்றால் அரைக்கால் அங்குலம். எண்டவரின் தளம் 97 அடி 8 அங்குல நீளம், அகலம் 29 அடி 2 அங்குலம். 64-ஆல் வகுத்தால் 465 மில்லிமீட்டரும் 139 மில்லிமீட்டரும் வரும். முன்னால் சாய்ந்து நீளும் பௌஸ்பிரிட் கம்பத்தையும் சேர்த்தால் முக்கால் மீட்டரை நெருங்கிவிடும். இதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே கணக்குப் பார்த்துவிடுங்கள். வீட்டில் வைக்க இடம் தேடுவது கடைசி வேலை என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

அளவு விஷயத்தில் எனக்கு அதிகம் உதவியது ஒரு காகித மனிதன். ஐந்தரை அடி ஆள் 1:64-ல் 26 மில்லிமீட்டர் வருவான். தடித்த அட்டையில் அப்படி ஒருவனை வெட்டித் தளத்தில் நிற்க வைத்தேன். கடையில் வாங்கிய கிட் பெட்டியில், அதாவது மாடலுக்கான பாகங்கள் அடங்கிய பெட்டியில், வந்த ஒவ்வொரு பாகத்தையும் அவன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கயிறு கட்டும் முளைகள் பத்து மில்லிமீட்டர் இருந்தன, அவன் முழங்காலைத் தாண்டி நின்றன. நிஜத்தில் அது இரண்டடிக்கு மேல் நீளமுள்ள உலக்கை ஆகிவிடும். அத்தனை முளைகளையும் ஆறு மில்லிமீட்டருக்குக் குறைத்துச் சீவினேன். ஏணியின் படி இடைவெளி, கதவின் உயரம், பக்கச் சுவர் எல்லாவற்றுக்கும் அவன்தான் நீதிபதி. கண்ணுக்கு ‘ஏதோ பொம்மை மாதிரி இருக்கே’ என்று படும் மாடல்களில் பெரும்பாலும் வேலை மோசமாக இருக்காது, சின்னச் சாமான்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும்.

நான் கட்டியது கிட் வாங்கித்தான், ஆனால் அதை அப்படியே நம்பவில்லை. ஏராவும் வங்குகளும் பிளைவுட்டில் லேசர் வெட்டில் வரும். ஏரா கப்பலின் முதுகெலும்பு, வங்கு அதன் விலா. ஏராவுக்கான நீளச் சட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் லேசான வளைவு தெரிந்தது. பிளைவுட்டில் இது சகஜம். ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடித் தட்டின் மேல் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, முழுவதும் காயும்வரை விட்டால் நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் வேறு சட்டம் வெட்டிக்கொள்வதே மேல். முறுக்கிய முதுகில் ஏறிய எந்த வேலையும் நேராக நிற்காது. மூன்று பாய்மரங்களும் மூன்று திசையில் சாயும்.

வரைபடம் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வரைபடக் கோடுகள் வங்கின் வெளிப்புறம் வரைக்கும்தான். பலகையின் தடிமன் அதற்கு மேல். பெட்டியில் வந்த வங்குகளை வரைபடத்தோடு ஒப்பிடும்போது, நிஜப் பலகையின் தடிமனை மாடல் அளவுக்குக் குறைத்துக் கோட்டோடு கூட்டி, அதிலிருந்து மாடலின் இரண்டு அடுக்குப் பலகையின் தடிமனைக் கழித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் குண்டாகிவிடும், அப்புறம் தளத்துச் சாமான் எதுவும் பொருந்தாது.

வரிசையின் முதல் பிடி இங்கேதான். பலகை போர்த்துவதற்கு முன், ஏராவுக்குள் இரண்டு நட்டுகளைப் பதித்துவிட வேண்டும். கடைசியில் கப்பலை அடிப்பலகையில் போல்ட் போட்டு நிறுத்துவதற்கு அவை வேண்டும். கட்டி முடித்த கப்பலைத் தலைகீழாகப் பிடித்து அடியில் துளை போடுவதை யோசித்துப் பாருங்கள். அதே மாதிரி பாய்மரக் குழிகளையும் இப்போதே சரிபார்த்துவிட வேண்டும். பாய்மரத்துக்கு வைத்த உருட்டுக் கட்டையைக் குழியில் செருகி, பக்கவாட்டிலிருந்து பார்த்து வரைபடத்துச் சாய்வோடு ஒப்பிட்டு, இரண்டு பக்கமும் ஆப்பு வைத்துக் குழியைக் குறுக்கிவிட்டேன். தளம் மூடிய பிறகு இந்தச் சாய்வைத் திருத்தக் கையே போகாது.

அப்புறம் வங்குகளைச் சீவுவது. வங்குகளின் விளிம்பு சதுரமாகத்தான் வெட்டி வரும். பலகையோ முன்னும் பின்னும் சரிந்து போகும். விளிம்பு முழுதும் பலகையில் படிய வேண்டுமானால் ஒவ்வொரு வங்கையும் அதன் இடத்துக்கேற்ற கோணத்தில் தேய்க்க வேண்டும். இதற்கு நீளமான மெல்லிய பட்டி ஒன்று போதும். அதை வங்குகளின் மேல் படிய வைத்து விரலால் நீவிப் பார்க்க வேண்டும். எங்கே துள்ளுகிறதோ அங்கே மேடு, எங்கே அடியில் வெளிச்சம் தெரிகிறதோ அங்கே பள்ளம். மேட்டைத் தேய், பள்ளத்தில் மெல்லிய சீவல் ஒட்டு. மறுபடியும் பட்டியை வை. மேலிருந்து கீழ்வரை, இடமும் வலமும் இதேதான். சலிப்பான வேலை. இங்கே ஒரு நாள் கூடுதலாகச் செலவழித்தால் பலகை போர்த்தும்போது ஒரு வாரம் மிச்சம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அணியத்தில், அதாவது முன்மூக்கில், வங்குகளுக்கு இடையில் பால்சா என்ற மென்மையான மரத்தின் கட்டைகளை ஒட்டி அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். வளையும் பலகைக்குப் பிடிப்பு வேண்டுமல்லவா? எண்டவர் மாதிரி மொண்ணை மூக்குக்கு இது கட்டாயம்.

இனி மூக்கு. மெலிந்த அணியமுள்ள கப்பலில் பலகை ஏறக்குறைய நேராக ஓடிக் கடைசியில் சற்று வளையும். எண்டவரில், கப்பலின் பக்கவாட்டோடு ஒழுங்காக வந்த பலகை, கடைசிச் சில சென்டிமீட்டருக்குள் ஏறக்குறைய செங்கோணத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பும்போதே முறுக்கவும் வேண்டும். பூசணிக்காயின் மேல் ரிப்பனைச் சுருக்கமில்லாமல் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ரிப்பன் தன் இஷ்டத்துக்கு மேலேயோ கீழேயோ ஓடும், நாம் நினைத்த இடத்தில் நிற்காது. மரப்பட்டியும் அப்படித்தான். தட்டைப் பக்கமாக வளையும், விளிம்புப் பக்கமாக வளைய மறுக்கும். வலுக்கட்டாயமாக இழுத்து ஊசி குத்தினால் ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும்.

இதற்கு விடை வளைப்பதில் இல்லை, அகலத்தைக் குறைப்பதில் இருக்கிறது. கப்பலின் நடுவில் ஏராவிலிருந்து தளம் வரை ஒரு காகித நாடாவை வைத்து அளந்தால், என் மாடலில் சுமார் 150 மில்லிமீட்டர். அணியத்துக்கு வந்தால் அதே அளவு 100-க்குச் சுருங்கிவிடும். 5 மில்லிமீட்டர் பட்டியானால் நடுவில் 30 பலகை. அதே 30 பலகையும் அணியத்தில் 100 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் 3.3 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு வங்கிலும் போட்டு, பென்சிலால் கோடு குறித்துவிட வேண்டும். வங்கின் சுற்றைக் காகித நாடாவில் எடுத்து, அந்த நாடாவை 30 சம பாகமாகப் பிரித்து, மறுபடி வங்கில் வைத்துக் குறித்தால் சரி. குறித்த பின் சற்று எட்டி நின்று பாருங்கள். கோடுகளை மனதுக்குள் இணைத்தாலே பலகை ஓடும் வழி தெரியும்.

பலகை அதன் பாதி அகலத்துக்குக் கீழே குறுகக்கூடாது என்பது பழைய கப்பல் தச்சர்களின் விதி. அதற்குக் கீழே போனால் நுனியில் ஆணி பிடிக்க மரம் இருக்காது. அங்கே இரண்டு பலகைகளை முடித்து, ஒரே பலகையாகச் சேர்த்து முன்னால் கொண்டுபோவார்கள். பின்புறம் இதற்கு நேர்மாறு. சுக்கானுக்கு அருகில் சுற்றளவு கூடும், பலகைகளுக்கு இடையில் ஆப்பு வடிவ இடைவெளி விழும், அதில் கூடுதலாக ஒரு துண்டு செருக வேண்டும். கிட் செய்முறைத் தாளில் இதை ‘மீதி இடைவெளியை முக்கோணத் துண்டுகளால் நிரப்பவும்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அப்படி ஊசி முனைத் துண்டுகளைச் செருகினால் கப்பல் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும், முனையும் உடைந்து விழும்.

குறுக்கிய பலகையை வளைப்பது ஒரு தனிக் கலை. லைம் மரப் பட்டியை (எலுமிச்சை இல்லை, லிண்டன் என்றும் சொல்லும் மரம்) சூடான தண்ணீரில் இருபது நிமிடம் ஊற வைப்பேன். வெளியே எடுத்துத் துடைத்து, உருண்டை முனையுள்ள சூட்டுக்கோலில் உள்பக்கத்தை மெதுவாக நகர்த்திக்கொண்டே அழுத்தினால், சீ என்று ஆவி கிளம்பும். அந்த நேரத்தில் விரல்களுக்கு மரம் ‘இளகுவது’ தெரியும். எதிர்ப்பு குறைந்து, சொன்னபடி கேட்கும். அந்தச் சில விநாடிகளில்தான் வளைக்க வேண்டும், முறுக்கவும் வேண்டும். அவசரப்பட்டால் வெளிப்பக்கத்து நார் பிளந்துகொள்ளும். நார் குறுக்காக ஓடும் பட்டி எப்படியும் பிளக்கும். அதனால் ஊற வைக்கும் முன்பே பக்கவாட்டில் பார்த்து, நார் நீளவாக்கில் ஓடும் பட்டிகளை மூக்குக்கென்று தனியாகப் பொறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மீதியைக் கப்பலின் நடுப்பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வளைந்த பட்டியை உடனே ஒட்டக்கூடாது. ஈர மரம் அகலத்தில் உப்பியிருக்கும். அப்படியே பசை தடவி ஒட்டினால், காய்ந்த பிறகு சுருங்கிப் பலகைக்குப் பலகை இடைவெளி விடும். மிச்சக் கட்டையில் மூக்கின் வடிவத்தைச் செதுக்கி ஓர் அச்சு செய்து வைத்திருந்தேன். வளைத்த பட்டிகளை அதில் கிளிப் போட்டு இரவு முழுக்கக் காயவிடுவேன். மறுநாள் எடுத்தால் வளைவு அப்படியே நிற்கும். சற்றே விரிந்துகொள்ளும், அதனால் தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைத்து வைப்பது நல்லது. காய்ந்த பலகையை இடத்தில் வைத்துப் பார்க்கும்போது, விரலின் லேசான அழுத்தத்திலேயே முழு நீளமும் படிய வேண்டும். முழு பலத்தோடு அழுத்தினால்தான் படியும் என்றால் அந்தப் பலகை இன்னும் தயாராகவில்லை.

இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகலாம் என்று ஆசை வரும். ஒவ்வொரு பலகையும் ஏராவைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒரே பக்கமாகப் பத்துப் பலகை ஏறினால் முதுகெலும்பு வில்லாகிவிடும், அதற்கப்புறம் அதை நிமிர்த்த முடியாது.

முதல் அடுக்கு முடிந்ததும் உள்பக்கம் வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டுக் கலந்து தாராளமாகப் பூசினேன். பலகைகள் ஒன்றோடொன்று பிடித்து ஒரே ஓடு ஆகிவிடும். வெளியே தேய்க்கும்போது மேடு பள்ளம் தெரிய, அறையை இருட்டாக்கி, மேசை விளக்கைக் கப்பலின் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பார்த்தேன். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த இடங்களில் எல்லாம் நிழல் விழுந்தது. மரப்பூச்சுப் பசையால் பள்ளங்களை நிரப்பி, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் இன்னும் பள்ளமாகும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். மரத்தூள் சிலருக்கு மூக்கையும் தோலையும் எரிச்சலாக்கும். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

இரண்டாம் அடுக்குக்குக் கிட்டில் வால்நட் கொடுத்திருந்தார்கள். நான் அதைத் தூக்கி வைத்துவிட்டுப் பேரி மரத்துக்குப் போனேன். வால்நட் நல்ல மரம்தான், மேசைக்கும் நாற்காலிக்கும். அதன் துளைகளும் ரேகைகளும் பெரியவை. 64 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் பலகையில் பள்ளத்தாக்கு ஓடுகிற மாதிரி இருக்கும். பேரி, பாக்ஸ்வுட் போன்ற மரங்களில் ரேகை கண்ணுக்கே தெரியாது, விளிம்பும் கூர்மையாக நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டு மாடல்காரர்களும் பழ மரங்களையும் பாக்ஸ்வுட்டையும் விரும்பியதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நிறம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே, அந்தக் காலத்தில் மீனெண்ணெய், குங்கிலியம், கந்தகம் கலந்து பூசுவார்கள். அது அழுக்கு வெள்ளையாக இருக்கும், நானும் அப்படியே பூசினேன். சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் சின்ன மாடலில் கண்ணைக் குத்தும். கறுப்பில் துளி பழுப்பும், வெள்ளையில் துளி மஞ்சளும் கலந்துகொண்டால் போதும். அகன்ற தலை ஆணிகளை நான் காட்டவில்லை. ஓர் அங்குலத் தலை 0.4 மில்லிமீட்டர் ஆகும். நூறு அடி தள்ளி நின்று நிஜக் கப்பலைப் பார்த்தால் தெரியாத ஒன்றை, மாடலில் பளிச்சென்று தெரிய வைப்பது எனக்குப் பிடிக்காது. பிடித்தவர்கள் செய்யலாம், சண்டைக்கு வர மாட்டேன்.

தளத்துப் பலகைகளுக்கு நடுவில் தாரும் சணலும் அடைத்த கறுப்புக் கோடு வேண்டும். பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் அளவான கோடு கிடைக்கும். மார்க்கர் பேனா மட்டும் வேண்டாம், மரத்துக்குள் ஊறிப் பரவிவிடும். பலகை 25 அடி என்று வைத்துக்கொண்டால் மாடலில் சுமார் 12 சென்டிமீட்டர். தளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே பலகை போட்டால் பார்த்தவுடன் பொய் என்று தெரியும். இணைப்புகள் பக்கத்துப் பக்கத்தில் விழாமல் படிப்படியாகத் தள்ளி விழ வேண்டும். தளத்தில் பதிக்க வேண்டிய வளையங்களுக்கு எல்லாம் பக்கச் சுவரின் உள்பலகைகளை ஒட்டும் முன்பே துளை போட்டுவிடுங்கள், பின்னால் துளைக்கருவி சாயும் இடம் கிடைக்காது. பீரங்கிகளை வெளியிலேயே முழுதாகச் செய்து, பின்கயிற்றையும் கட்டி, கடைசியில் கொண்டுபோய் வைத்தேன். அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

“மாமா, இது தண்ணில மிதக்குமா?” என்று அக்கா மகன் கேட்டான். மிதக்கும்டா, ஆனால் படுத்துக்கொண்டு மிதக்கும் என்றேன். நிஜக் கப்பலின் அடியில் பல டன் பாரம் இருக்கும், இதில் காற்றுதான் இருக்கிறது.

கயிறு வேலைதான் பாதிப் பேர் கைவிடும் இடம். பாய்மரங்களும், பாய் தொங்கும் குறுக்குமரங்களும் செய்து முடித்ததும் ‘அப்பாடா’ என்று தோன்றும், ஆனால் வேலையின் பாதி அங்கேதான் தொடங்குகிறது. முதலில் தடிமன். பழைய பட்டியல்களில் கயிற்றின் அளவு 9 அங்குலம், 4 அங்குலம் என்றெல்லாம் இருக்கும். அது கயிற்றின் சுற்றளவு, விட்டம் இல்லை. 9 அங்குலக் கயிற்றின் விட்டம் மூன்று அங்குலத்துக்கும் குறைவு. 1:64-ல் அது 1.1 மில்லிமீட்டர். விட்டம் என்று எடுத்துக்கொண்டால் மூன்றரை மில்லிமீட்டர் வந்துவிடும், தேர்வடம் இழுக்கலாம். மெல்லிய பக்கம், 2 அங்குலக் கயிறு கால் மில்லிமீட்டர்தான் வரும்.

பாய்மரங்களை நிமிர்த்திப் பிடிக்கும் நிலைக்கயிறுகளுக்குத் தார் பூசியிருப்பார்கள், அதனால் கரும்பழுப்பு. பாயையும் குறுக்குமரத்தையும் இழுக்கும் ஓடுகயிறுகள் சணலின் இயற்கை நிறம். இந்த இரண்டு நிறத்தைச் சரியாக வைத்தாலே, கப்பல் தெரியாதவர் கண்ணுக்கும் எது எதைத் தாங்குகிறது என்பது புரிந்துவிடும். பருத்தி நூலில் பஞ்சு பிரிந்து நிற்கும். அதை மெழுகுவர்த்திச் சுடரின் அருகில் வேகமாக இழுத்தால் பொசுங்கிவிடும், ஆனால் பாலியெஸ்டர் நூலில் இதைச் செய்யாதீர்கள், உருகிப்போகும்.

கயிறு கட்ட ஆரம்பிக்கும் முன் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஒரு நோட்டில் பெரிய அட்டவணை போட்டதுதான். ஒவ்வொரு கயிற்றுக்கும் அதன் பெயர், தடிமன், நிறம், எங்கே தொடங்குகிறது, எந்தெந்தக் கப்பி வழியாகப் போகிறது, எந்த முளையில் முடிகிறது. கிட்டில் வரும் தாளில் இதெல்லாம் நான்கைந்து படங்களில் சிதறிக் கிடக்கும். அட்டவணை போடும்போதே இரண்டு கயிறுகளுக்கு ஒரே முளையைக் காட்டியிருந்த இடங்கள் வெளியே வந்துவிட்டன. இன்னொரு லாபமும் உண்டு. ஒரு குறுக்குமரத்தின் பெயரை எடுத்துப் பார்த்தால் அதில் மொத்தம் எத்தனை கப்பி தொங்க வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரியும். எல்லாக் கப்பிகளையும் மேசையிலேயே, குறுக்குமரத்தைக் கிடுக்கியில் பிடித்துவைத்துக் கட்டிவிட்டேன். கப்பலில் ஏறிய பிறகு புதிதாகக் கட்டியது எதுவும் இல்லை.

கட்டும் வரிசை பொதுவாகக் கீழிருந்து மேலே, உள்ளிருந்து வெளியே. நிலைக்கயிறு முதலில், ஓடுகயிறு பிறகு. முளைகளில் கப்பலின் நடுவை ஒட்டியவற்றை முதலில் கட்ட வேண்டும், ஓரத்தில் உள்ளவை கடைசி. ஓரத்தை முதலில் கட்டினால், நடுவுக்குப் போகும் வழியை நாமே வேலி போட்டு அடைத்துக்கொள்கிறோம்.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஷ்ரவுட் கயிறுகளின் அடியில் டெட்-ஐ என்னும் மூன்று துளை வட்டக்கட்டைகள் வரும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் மெல்லிய கயிறு ஏறி இறங்கி இறுக்கும். எல்லா மேல் கட்டைகளும் ஒரே கோட்டில் நிற்பதுதான் அழகு. கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து, ஒரு முனையைக் கீழ்க் கட்டையின் துளையிலும் மறுமுனையை மேல் கட்டையின் துளையிலும் செருகினால் இடைவெளி மாறாது. அந்த நிலையில் ஷ்ரவுட்டை மேல் கட்டையைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஷ்ரவுட்டுகளையும் வலது ஜோடி, இடது ஜோடி என்று மாற்றி மாற்றித்தான் போட வேண்டும், ஏராவுக்குச் சொன்ன அதே காரணம்.

ஷ்ரவுட்டுகளுக்குக் குறுக்கே மாலுமிகள் ஏறும் ஏணிப்படிக் கயிறுகள் 13 அங்குலத்துக்கு ஒன்று, மாடலில் 5 மில்லிமீட்டர். கோடு போட்ட அட்டையைப் பின்னால் சொருகிக்கொண்டு, ஒவ்வொரு ஷ்ரவுட்டிலும் கிளோவ் ஹிட்ச் என்னும் இரட்டைச் சுற்று முடிச்சுப் போட வேண்டும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கை பழகிவிட்டால் இதைவிட நிம்மதியான வேலை இல்லை. ஆபத்து ஒன்றுதான்: ஒவ்வொரு முடிச்சையும் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் ஓரத்து ஷ்ரவுட்டுகள் உள்ளே வளைந்து இடுப்பு ஒடுங்கிவிடும். சில படிகள் கட்டியதும் நேர் எதிரே போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது.

முடிச்சுகளுக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசைதான். சூப்பர் க்ளூ சட்டென்று பிடிக்கும், ஆனால் நூலைக் கறுக்க வைத்து, காய்ந்த குச்சி மாதிரி விறைக்க வைக்கும், பின்னால் முறியும். வெள்ளைப் பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு இளக்கி, முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டலாம். அவிழ்க்க முடிகிற பசை என்பதற்காகவே அது எனக்கு இரட்டிப்பு மதிப்பு.

பாய் வைக்கவில்லை. 1:64-க்கு ஏற்ற மெல்லிய துணி கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கட்டிய கயிறுகளில் பாதியை அது மறைத்துவிடும். பாய் இல்லாமல் விட்டால் ஒரு விஷயம் மாறும். மேல் குறுக்குமரங்களைப் பாய் விரித்திருக்கும்போதுதான் உயரே ஏற்றுவார்கள். பாய் இல்லாதபோது அவை கீழே இறங்கி, கீழ்ப் பாய்மரத்தின் தலைக்குச் சற்று மேலே நிற்கும், நுனிகளைத் தாங்கும் கயிறுகள் விறைப்பாக இருக்கும். வெறும் குறுக்குமரங்கள் உச்சியில் நிற்கும் மாடல்கள் நிறைய உண்டு. அழகாகவும் இருக்கும், ஆனால் எந்த மாலுமியும் அப்படி நிறுத்தியிருக்க மாட்டான்.

முளைகளில் தொங்கும் கயிற்றுச் சுருள்களைத் தனியாகச் செய்து கடைசியில் மாட்டினேன். அட்டையில் இரண்டு ஊசி குத்தி, அவற்றைச் சுற்றி நூலைச் சுற்றி, பசைத் தண்ணீர் தொட்டு, காய்வதற்குள் கீழ்ப்பக்கம் கனத்தில் தொங்குகிற மாதிரி விரலால் இழுத்துவிட வேண்டும். விறைப்பான வட்டச் சுருள் கயிறாகத் தெரியாது.

கண்ணாடிப் பெட்டி இல்லாமல் இந்தக் கப்பலை வைக்காதீர்கள். கயிறுகளில் படியும் தூசியை எந்தத் தூரிகையாலும் முழுதாக எடுக்க முடியாது. நேர் வெயில் படாத இடமாக இருக்கட்டும், நூலும் மரமும் வெளுத்துவிடும். கீழ்க் குறுக்குமரங்களின் நுனியிலிருந்து இரண்டு பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது இடம் விட்டுப் பெட்டியின் அகலத்தை முடிவு செய்யுங்கள். பெட்டியை இறுக மூடிவிடவும் கூடாது. ஓக் போன்ற சில மரங்களும் சில பசைகளும் விடும் அமில ஆவி உள்ளேயே தங்கினால், ஈயம் கலந்த வார்ப்புச் சாமான்கள் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். கிட்டில் வந்த ஈய நங்கூரத்துக்கும் பீரங்கிகளுக்கும் பதிலாகப் பித்தளையில் போட்டேன், பெட்டியின் அடியில் பின்புறமாகச் சிறு துளைகள் போட்டு மெல்லிய வலை ஒட்டினேன். இடம் மாற்றும்போது கப்பலைத் தொடாமல் அடிப்பலகையைத்தான் தூக்க வேண்டும். போல்ட்டுகள் அவ்வப்போது சற்றுத் தளரும், இறுக்குவதற்கான ஸ்பேனரை அடிப்பலகைக்குக் கீழேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.